முதற்பிழையைப் படிப்போம்

மென்பொருள் ஒன்றை அதன் மூலநிரலிலிருந்து தானே உருவாக்க முற்படும் மாணவன், அவ்வேலை நடுவில் நின்றுபோகும் வேளையில் என்ன செய்கின்றான் என்பதைக் கொண்டே அவன் பெற்ற கணிப்பொறிக் கல்வியின் தரத்தை அளந்துவிடலாம் என்பது நமது துணிபு. திரையில் ஆயிரக்கணக்கான வரிகள் ஓடி மறைகின்றன. ஈற்றில் 'பிழை 2' என்றொரு வரி மட்டும் நிலைத்து நிற்கின்றது. அந்த ஈற்று வரியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு மருந்து யாரிடம் கிடைக்கும் என்று அலைவோர் பலர். மேலே ஏறிச் சென்று, இடர் தொடங்கிய இடம் எது என்று தேடிப் படிப்போர் மிகச் சிலர். அச்சிலரைப் பலராக்க நம் கல்லூரிகள் என்ன செய்ய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். லினக்ஸ் இயங்குதளத்தை அடித்தளம் முதல் தம் கையாலேயே கட்டியெழுப்பும் பயிற்சியை மாணவர்க்கு அளிக்க வேண்டும்; அப்பயிற்சியில் நேரும் இடர்களை அவர்கள் விளக்கியுரைப்பதற்கே மதிப்பெண் வழங்க வேண்டும் என்று நாம் கூற விழைகின்றோம்.

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் இப்பொருளுக்கு இடம் ஏது என்று சிலர் வினவக்கூடும். இடம் உண்டு. அதனைப் பின்னர்க் காட்டுவோம்.

இத்துறைக்குப் புதியவர்களாகிய பெரியோர்க்காக முதற்கண் சில சொற்களை விளக்கிவிடுதல் நலம். மனிதர் படித்தறியக்கூடிய வடிவில் எழுதப்படும் கட்டளைத் தொகுதியே மூலநிரல். பொறிக்கு அது விளங்காது. அதனைப் பொறியின் மொழிக்குப் பெயர்த்துத் தரும் நிரலுக்குக் கம்பைலர் என்று பெயர். பெயர்க்கப்பட்ட துண்டுகளையும், அவற்றுக்குத் துணையாக முன்னரே எழுதி வைக்கப்பட்டுள்ள நிரல் நூலகங்களையும் ஒன்றாகக் கோத்துத் தருவது லிங்கர். எதற்குப் பின் எதனைச் செய்ய வேண்டும் என்ற முறையை அறிந்து வேலை வாங்கும் மேற்பார்வையாளர் மேக். இவை அனைத்துக்கும் முன்னதாகக் கான்ஃபிகர் என்றொரு நிரல் வந்து, இந்தக் கணிப்பொறியில் என்னென்ன இருக்கின்றன, என்னென்ன இல்லை என்று கணக்கெடுத்துச் செல்லும். திருமண வீட்டில் சமையற்காரர் முதல்நாளே வந்து அடுப்பையும் அண்டாவையும் பார்த்துவிட்டுப் போவது போன்றது அது.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் குனூ திட்டத்தை அறிவித்தார். அத்திட்டத்தின் கம்பைலராகிய ஜிசிசி 1987-இல் வெளிவந்தது. ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸ் கெர்னலை வெளியிட்டார். இவற்றையும் இவை போன்ற பிறவற்றையும் ஒன்று சேர்த்து, நிறுவுவதற்கு ஆயத்தமாகத் தரும் தொகுப்புகள் பல உள்ளன. பெரும்பாலோர் அத்தொகுப்புகளையே பயன்படுத்துகின்றனர், அதில் குறையொன்றுமில்லை. ஆயின் 1999-இல் ஜெரார்ட் பீக்மன்ஸ் என்பார் மற்றொரு வழியைத் தொடங்கி வைத்தார். 'லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்' என்பது அதன் பெயர். இதில் கருதத்தக்கது யாதெனின், அது மென்பொருளன்று, ஒரு நூல். ஏறத்தாழ 80 மென்பொருள் தொகுதிகளின் மூலநிரலைப் பெற்று, எதை முன்னர்ப் பெயர்ப்பது, எதைப் பின்னர்ப் பெயர்ப்பது, ஏன் அவ்வாறு என்று அந்நூல் கூறிச் செல்கின்றது. படிப்பவன் ஒவ்வொரு கட்டளையையும் தானே இட்டுக் கட்டி முடிக்க வேண்டும். அண்மை ஆண்டுகளில் மார்ச் மாதத்திலும் செப்டம்பர் மாதத்திலும் அதன் புதுப்பதிப்பு வெளிவருகின்றது. விலையின்றிக் கிடைக்கின்றது.

அந்நூலில் நம்மைக் கவர்ந்த ஒரு நுட்பத்தை இங்கே சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. ஒரு தொகுதியைக் கட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்பதை அந்நூல் மணிக்கணக்கில் சொல்வதில்லை. ஏனெனில் பொறிக்குப் பொறி வேகம் மாறும். ஆகவே முதன்முதலாகக் கட்டப்படும் பின்யூட்டில்ஸ் என்னும் தொகுதிக்கு உங்கள் பொறியில் எவ்வளவு நேரம் ஆகின்றதோ, அதனையே ஓர் அலகாகக் கொண்டு, ஏனையவற்றுக்கு இத்தனை அலகு என்று கூறிவிடுகின்றது. ஒவ்வொருவர் வீட்டிலும் ஒவ்வொரு நாழிகை வட்டில்!

கம்பைலரும் ஒரு மென்பொருளே ஆதலால் அதனையும் மற்றொரு கம்பைலரைக் கொண்டுதான் பெயர்த்தாக வேண்டும். கொல்லன் சுத்தியல் செய்ய வேண்டுமாயின் அவன் கையில் முன்னரே ஒரு சுத்தியல் இருக்க வேண்டும் அல்லவா? ஆகவே ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும் தாய் அமைப்பிலிருந்து தற்காலிகக் கருவிகள் சிலவற்றை முதலில் ஆக்கிக்கொண்டு, பின்னர்ப் புதிய வீட்டினுள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டவன் போல, அக்கருவிகளை மட்டும் கொண்டு எஞ்சியவை அனைத்தையும் கட்டுகின்றான் மாணவன். தாய் அமைப்பின் சாயல் ஏதும் புதிய அமைப்பில் கலந்துவிடலாகாது என்பதற்கே இத்தனை ஏற்பாடும். நேரும் இடர்களிற் பெரும்பகுதி இந்த எல்லைக்கோடு மீறப்படுவதால் விளைவது.

சான்றாக ஒன்று. புதிய அமைப்பு எங்கே இருக்கின்றது என்பதைக் குறிக்க எல்எஃப்எஸ் என்னும் பெயரில் ஒரு மாறி வைத்துக்கொள்கின்றனர். கட்டளைகளில் எல்லாம் அம்மாறியே இடத்தைச் சுட்டும். கணிப்பொறியை நிறுத்திவிட்டு மறுநாள் வந்து அமரும் மாணவன் அதனை மீண்டும் வரையறுக்க மறந்தால், அம்மாறி வெறுமையாக நிற்கும். வெறுமையின் பின் வரும் பாதை தாய் அமைப்பின் பாதையாகிவிடும். ஜிலிப்சி என்னும் அடிப்படை நூலகத்தை நிறுவும் கட்டத்தில் இவ்வாறு நேர்ந்து, அவன் தலைமைப் பயனரின் முழு அதிகாரத்தோடும் வேலை செய்துகொண்டிருப்பானாயின், தாய் அமைப்பே பயனற்றுப் போகும். நூல் இதனை வெளிப்படையாக எச்சரிக்கின்றது. இதனாலேயே குறைந்த அதிகாரமுடைய தனிப் பயனர் ஒருவரை உருவாக்கிக்கொண்டு வேலை செய்யச் சொல்கின்றது. அவ்வாறு செய்தவனுக்கு 'அனுமதி இல்லை' என்னும் பிழைச்செய்தி கிடைக்கும். அச்செய்தி அவனைக் காத்தது. இஃதறியாது, அனுமதி மறுக்கப்பட்ட உடனே தலைமை அதிகாரத்தை வரவழைத்து அதே கட்டளையை மீண்டும் இடுகின்ற மாணவனை என்னென்பது? கதவுக்குத் தாழிட்டவர் ஏன் தாழிட்டார் என்று எண்ணாமல் தாழை உடைக்கின்றான் அவன்.

மற்றொன்று, இதனினும் நுண்ணியது. நாம் ஒரு கருவியின் பெயரைச் சொன்னதும் ஷெல் அதனைத் தேடிக் கண்டுபிடித்து, இருக்குமிடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை தேடாது. நினைவில் உள்ள இடத்திற்கே செல்லும். சாதாரண நாட்களில் இது நன்மையே. புதிய கருவி கட்டப்பட்டு வேறிடத்தில் வைக்கப்பட்ட பின்னரும் பழைய கருவியையே ஷெல் அழைத்துக்கொண்டிருக்குமாயின் அந்நினைவே தீமையாய் முடியும். ஆகவே அந்நினைவாற்றலை அணைத்து வைக்குமாறு நூல் பணிக்கின்றது. ஒரே ஒரு சிறு கட்டளை. அதன் காரணத்தை அறியாது அதனை விட்டுவிட்டவன், நெடுந்தொலைவு சென்றபின் விளங்காத பிழை ஒன்றைச் சந்திப்பான்.

இனி, இக்கட்டுரையின் நடுநாயகமான சான்றுக்கு வருவோம். 2025 ஏப்ரலில் ஜிசிசி கம்பைலரின் 15-ஆம் பதிப்பு வெளிவந்தது. பெரிய எண்களைக் கணக்கிடும் ஜிஎம்பி என்னும் நூலகம் ஒன்று உண்டு. ஜிசிசியைக் கட்டுவதற்கே அது வேண்டும். அதன் 6.3.0 பதிப்பு 2023-இல் வெளியானது. இப்பழைய நூலகத்தை அப்புதிய கம்பைலரால் கட்ட முற்பட்டவர்களுக்குக் கான்ஃபிகர் நிலையிலேயே வேலை நின்றது. திரையில் வந்த இறுதிச் செய்தி, 'இயங்கும் கம்பைலர் எதனையும் காணமுடியவில்லை' என்பதாகும்.

இச்செய்தியை மட்டும் படிப்பவன் என்ன முடிவுக்கு வருவான்? கம்பைலர் கெட்டுவிட்டது என்று கருதுவான். பல மணி நேரம் செலவிட்டுக் கட்டிய கம்பைலரைக் களைந்துவிட்டு மீண்டும் அடியிலிருந்து தொடங்குவான். அப்போதும் அதே செய்திதான் வரும். சிலர் இவ்விடத்திலேயே முயற்சியைக் கைவிட்டுவிடவும் கூடும்.

ஆனால் அச்செய்திக்குச் சற்று மேலே, நீண்ட முழுவெண்களைக் கம்பைலர் சரிவரக் கையாள்கின்றதா என்னும் சோதனையில் அது தேறவில்லை என்று ஒரு குறிப்பு இருந்தது. காரணத்தைக் காண 'கான்ஃபிக் லாக்' கோப்பைப் பார்க்குமாறு செய்தியே வழியும் காட்டியிருந்தது. அக்கோப்பைத் திறந்து படித்தவர்க்கு உண்மை விளங்கிற்று. கான்ஃபிகர், கம்பைலரைச் சோதிப்பதற்கென்று ஒரு சிறு நிரலைத் தானே எழுதிப் பெயர்க்கச் சொல்கின்றது. அச்சிறு நிரலில் ஒரு செயற்கூற்றை அறிவிக்கும்போது அடைப்புக்குறிகளுக்குள் ஒன்றும் எழுதாமல் வெறுமையாக விட்டிருந்தனர். அழைக்கும்போதோ பல மதிப்புகளை அதற்குள் செலுத்தினர். சி மொழியின் பழைய இலக்கணப்படி வெற்று அடைப்புக்குறி என்பதற்கு 'என்ன வரும் என்று இங்கே கூறப்படவில்லை' என்று பொருள். சி23 என்னும் புதிய தரத்தில் அதற்கு 'ஒன்றும் வரலாகாது' என்று பொருள். ஜிசிசி 15 அப்புதிய தரத்தையே இயல்பாகக் கொண்டது. ஆகவே, 'மதிப்புகள் மிகுதியாகச் செலுத்தப்பட்டுள்ளன' என்று கூறி அச்சிறு நிரலை மறுத்தது.

கம்பைலர் பழுதுபடவில்லை. தேர்வு வினாத்தாளில் இருந்த பழைய வழக்கொன்று புதிய இலக்கணத்தில் வழுவாகிவிட்டது, அவ்வளவே. தேர்வாளரோ மாணவனுக்கு அறிவே இல்லை என்று சான்றிதழ் எழுதிவிட்டார்! இதற்குப் பரிகாரமும் மிக எளிது. கான்ஃபிகர் கோப்பின் அவ்வொரு வரியில் வெற்று அடைப்புக்குறிக்குள் மூன்று புள்ளிகளை இட்டு, 'எவையும் வரலாம்' என்று அறிவித்தால் போதும். பிற தொகுதிகளில் இத்தகைய இடர் நேருமிடத்து, பழைய தரத்தின்படி படிக்குமாறு கம்பைலருக்குச் சொல்லிவிடுவதும் ஒரு வழி. இரண்டு வழிகளுள் எதனைக் கொள்வது என்பது காரணம் அறிந்தவனுக்கே தெரியும்.

இத்தகைய மாற்றம் இதற்கு முன்னரும் நேர்ந்ததுண்டு. 2020-இல் வந்த ஜிசிசி 10, ஒரே மாறியைப் பல கோப்புகளில் வரையறுத்துவிட்டுச் செல்லும் பழைய வழக்கத்தை ஏற்பதை நிறுத்தியது. 2024-இல் வந்த ஜிசிசி 14, முன்னறிவிப்பின்றி ஒரு செயற்கூற்றை அழைப்பதை எச்சரிக்கை நிலையிலிருந்து பிழை நிலைக்கு உயர்த்தியது. நேற்றுவரை கட்டப்பட்ட நிரல் இன்று கட்டப்படாமற்போவதற்கு இவை காரணமாயின. மொழிக்கு இலக்கணம் இறுகுந்தோறும் பழைய எழுத்துகள் இடறுவது இயல்புதானே.

இங்கே சுவடிப் பதிப்பாசிரியர்களின் நினைவு வருவதைத் தவிர்க்க இயலவில்லை. ஓர் ஏட்டில் பாடம் சிதைந்து பொருள் தொடர்பறுந்து நிற்குமிடத்தில், நல்ல பதிப்பாசிரியர் அவ்வடியை உடனே திருத்திவிடுவதில்லை. எந்த ஏட்டிலிருந்து எந்த ஏட்டுக்குப் படியெடுக்கும்போது இச்சிதைவு புகுந்தது என்று பின்னோக்கிச் செல்கின்றார். ஓரிடத்து எழுத்துப்பிழை அடுத்தடுத்த பத்து அடிகளின் பொருளைக் குலைத்திருக்கும். முதலிடத்தைத் திருத்தினால் பத்தும் தாமே நேர்படும். கம்பைலரின் பிழைப்பட்டியலும் இத்தன்மையதே. ஒரு தலைப்புக் கோப்பு கிடைக்கவில்லை என்பது முதற்பிழையாக இருக்கும். அக்கோப்பில் அறிவிக்கப்பட்டிருந்த பெயர்கள் எல்லாம் தெரியாதவையாகிவிட, அதன் விளைவாக நூறு பிழைகள் தொடரும். நூறையும் தனித்தனியே திருத்த முற்படுபவன் ஆண்டு முழுவதும் திருத்திக்கொண்டே இருப்பான்.

இக்காலப் பொறிகளில் முதற்பிழையைக் காண்பதிலும் ஓர் இடையூறு உண்டு. நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக மேக் ஒரே வேளையில் பல வேலைகளை நடத்துகின்றது. ஒன்று பிழைபட்டு நின்ற பின்னரும் ஏனையவை தம் வரிகளைத் திரையில் கொட்டிக்கொண்டிருக்கும். பிழை அவற்றுள் புதைந்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு வேலை என்னும் முறையில் மீண்டும் இயக்கினால், பிழைக்குப் பின் ஒன்றும் வராது, கண்முன் நிற்கும். திரையில் வருவன அனைத்தையும் ஒரு கோப்பிலும் பதிந்துகொள்வது இதனினும் நன்று. ஆயினும் அதிலும் ஒரு சூழ்ச்சி உண்டு. மேக் நிரலின் வெளியீட்டைக் குழாய் வழியே டீ என்னும் பதிவு நிரலுக்கு அனுப்பும்போது, வேலை வெற்றியா தோல்வியா என்று ஷெல் கேட்டால், பதிவு நிரல்தான் விடை சொல்லும். தான் பதிந்ததில் குறையொன்றுமில்லை என்பதால் அது 'வெற்றி' என்னும். மேக் தோற்றதை அறியாமல், பாதி கட்டிய மென்பொருளை நிறுவும் கட்டளை அடுத்து ஓடத் தொடங்கும். குழாயின் எப்பகுதி தோற்றாலும் தோல்வியென்றே கொள்க என்று ஷெல்லுக்கு முன்னரே பணித்துவிட வேண்டும்.

பிழையைப் படிப்பதற்கு மாறாகப் பிழையை வாயடைக்கும் வழக்கம் இன்று பரவி வருகின்றது. நாம் வன்மையாக மறுப்பது இதனையே. குறிப்பிட்ட எண்ணுள்ள நூலகம் இல்லை என்று பொறி சொன்னால், வேறு எண்ணுள்ள நூலகத்துக்கு அப்பெயரில் ஓர் இணைப்பை இட்டுவிடுகின்றனர். பெயர் பொருந்தியதும் பொறி அமைதியுறும். உள்ளடக்கம் பொருந்தாமையால் பின்னொரு நாள் மென்பொருள் நடுவழியில் வீழும். பிழைகளைப் பொருட்படுத்தாது மேற்செல்க என்று மேக் நிரலுக்குக் கட்டளையிடுவோரும் உளர். எல்லாக் கோப்புகளையும் எல்லாரும் எழுதலாம் என்று அனுமதியைத் திறந்துவிடுவோரும் உளர். சோதனைகளைச் செய்யாமலே தாண்டிச் செல்வோரோ எண்ணற்றோர். ஜிலிப்சியின் சோதனைகளை எக்காரணம் கொண்டும் விட்டுவிடலாகாது என்று நூல் வற்புறுத்துகின்றது. அந்நூலகத்தின் மேல்தான் மற்றவை அனைத்தும் நிற்கின்றன. அச்சோதனைகளிலும் ஒரு சில தேறாமற் போவதுண்டு. அவை எவை, ஏன் என்பதும் நூலில் கூறப்பட்டிருக்கும். ஆகவே தேறாத சோதனையைக் கண்டு அஞ்சவும் வேண்டா, அதனைக் காணாதது போலிருக்கவும் வேண்டா. குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

பிழை நிரலில் இல்லாது பொறியிலேயே இருத்தலும் உண்டு. நினைவகம் போதாமற்போனால் கெர்னல் தானே முன்வந்து கம்பைலரைக் கொன்றுவிடும். 'கொல்லப்பட்டது' என்ற ஒரு சொல்லோடு வேலை நிற்கும். நிரலில் எத்தனை தேடினும் காரணம் கிட்டாது. கெர்னலின் பதிவில்தான் கிட்டும். ஒரே வேளையில் நடக்கும் வேலைகளைக் குறைத்தால் இடர் தீரும். ஒருமுறை ஓரிடத்திலும் மறுமுறை வேறோரிடத்திலுமாக வேலை நிற்குமாயின் நினைவகச் சில்லுகளையே ஐயுற வேண்டும். நிரற்பிழை நின்ற இடத்திலேயே நிற்கும். பொறிப்பிழை இடம்மாறித் திரியும். பல மணி நேரம் ஓயாது உழைக்க வைக்கும் கம்பைலர், நினைவகத்துக்கு ஒரு கடுஞ்சோதனையாகிவிடுகின்றது.

இவையெல்லாம் ஒரு சிலரின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் 2024-ஆம் ஆண்டு மார்ச் 29-ஆம் நாள் வெளிப்பட்ட செய்தியை நினைவுகூர்தல் வேண்டும். கோப்புகளைச் சுருக்கித் தரும் எக்ஸ்இசட் என்னும் சிறு மென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் கள்ளக் கதவு ஒன்று வைக்கப்பட்டிருந்தது. பல காலம் உடனிருந்து உழைத்து நம்பிக்கையைப் பெற்ற ஒருவரின் பெயரால் அது நுழைந்தது. அக்கதவு மூலநிரலில் வெளிப்படையாக இல்லை. சோதனைக்கென வைக்கப்பட்ட கோப்புகளுள் மறைந்திருந்தது. கட்டும் வேளையில் இயங்கும் ஒரு துணைநிரல் அதனை எடுத்து மென்பொருளினுள் சேர்த்தது. அத்துணைநிரலின் அவ்வடிவம், அனைவரும் பார்க்கும் பொதுக் களஞ்சியத்தில் இல்லை. பதிவிறக்கத்திற்கு வைக்கப்பட்ட பொதியில் மட்டுமே இருந்தது. தொலைவிலுள்ள கணிப்பொறிகளுள் நுழைவதற்கான எஸ்எஸ்எச் வாயிலைத் திறந்துவிடுவதே அதன் நோக்கம்.

அதனைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்னும் நிரலாளர். பாதுகாப்புத் துறையினர் அல்லர். தரவுத்தள மென்பொருளில் உழைப்பவர். எஸ்எஸ்எச் நுழைவுக்கு ஏறத்தாழ அரை வினாடி கூடுதலாக ஆவதைக் கண்டார். நினைவகப் பிழைகளைக் காட்டும் கருவியொன்று முன்னர்க் காட்டியிருந்த விளங்காத குறிப்புகளும் அவருக்கு நினைவிலிருந்தன. அரை வினாடி தானே என்று விட்டுவிடவில்லை. தொடர்ந்து சென்று மூலத்தைக் கண்டார். உலகெங்கும் பரவவிருந்த கேடு தொடக்கத்திலேயே தடுக்கப்பட்டது. அக்கள்ளநிரல், டெபியன், ஆர்பிஎம் என்னும் இரு வகைப் பொதிகளாகக் கட்டப்படும்போது மட்டுமே விழித்தெழுமாறு எழுதப்பட்டிருந்தது என்பதும் கருதத்தக்கது. மூலநிரலைக் கையால் கட்டுவோரிடம் அது உறங்கியே இருந்தது. படித்துப் பார்க்கக்கூடியவர் கண்ணில் படலாகாது என்று அதனை எழுதியவர் கருதினார் போலும்! இது நமது ஊகமே.

எதிர்வாதங்களை நாம் அறியாமலில்லை. ஆயத்தமாகக் கிடைப்பதை விட்டு ஏன் இந்தத் துன்பம் என்பது ஒன்று. நாள்தோறும் பயன்படுத்துவதற்கு ஆயத்தத் தொகுப்பே ஏற்றது; பாதுகாப்புத் திருத்தங்கள் அதில் தாமே வந்து சேரும். கையால் கட்டிய அமைப்பில் அவற்றையும் கையாலேயே செய்ய வேண்டும். ஆகவே அலுவலகத்துக்கோ நூலகத்துக்கோ இவ்வமைப்பை நாம் பரிந்துரைக்கவில்லை. பயிற்சிக் கூடத்துக்கே கேட்கின்றோம். உடற்கூறு கற்கும் மாணவன் அறுத்துப் பார்ப்பது போன்றது இது. இதனால் வேலை கிடைக்குமா என்பது பெற்றோரும் பெரியோரும் கேட்கும் வினா. நேர்மையாகச் சொன்னால், இப்பயிற்சியின் பெயரால் எவரும் பணியாணை தருவதில்லை. எனினும் தொலைக்காட்சிப் பெட்டி, இணைய வழிப்படுத்தி முதலிய கருவிகளுக்குள் இயங்கும் லினக்ஸ், பில்ட்ரூட், யோக்டோ போன்ற ஏற்பாடுகளின் வழியே இவ்வாறே மூலநிரலிலிருந்து கட்டப்படுகின்றது. ஒரு பொறியிலிருந்துகொண்டு மற்றொரு பொறிக்காகப் பெயர்க்கும் கலையை அங்கே அறிந்திருக்க வேண்டும். அதன் அரிச்சுவடி இந்நூலில் இருக்கின்றது.

செயற்கை நுண்ணறிவிடம் பிழைச்செய்தியைக் கொடுத்தால் விடை சொல்லிவிடுமே என்பது இன்றைய மாணவரின் வாதம். கேட்கட்டும், நாம் தடுக்கவில்லை. ஆயின் 'இயங்கும் கம்பைலர் எதனையும் காணமுடியவில்லை' என்ற ஈற்று வரியை மட்டும் கொடுப்பவனுக்குக் கம்பைலரை மீண்டும் நிறுவுக என்ற விடையே கிடைக்கக்கூடும். கான்ஃபிக் லாக் கோப்பின் உரிய பகுதியைத் தேடிக் கொடுப்பவனுக்குச் சரியான விடை கிடைக்கலாம். உரிய பகுதி எது என்று அறிந்தவனுக்கோ பெரும்பாலும் விடையும் தெரிந்துவிடும்.

இனித் தமிழ்த்துறைக்கு இதில் என்ன பங்கு என்று முன்னர் விட்ட இடத்துக்கு வருகின்றோம். கட்டும் வேலையின்போது மொழிச் சூழலைப் பாசிக்ஸ் என்று அமைக்குமாறு நூல் பணிக்கின்றது. எந்நாட்டார் கட்டினும் கருவிகள் ஒரே வகையாக நடந்துகொள்ள வேண்டும் என்பதே காரணம். ஆகவே செய்திகள் ஆங்கிலத்திலேயே வரும். தமிழ்வழிப் பயின்று வந்த மாணவன் அச்செய்திகளைப் படமாகப் பார்க்கின்றானேயன்றிச் சொற்களாகப் படிப்பதில்லை. அவனுக்கு வேண்டுவது பெரிய ஆங்கிலப் புலமையன்று. சில பத்துச் சொற்களின் துல்லியமான பொருளே.

ஒரு பெயர் 'அறிவிக்கப்படவில்லை' என்பதும் 'வரையறுக்கப்படவில்லை' என்பதும் ஒன்றல்ல. முன்னது கம்பைலரின் கூற்று: இப்படி ஒன்று உண்டு என்றே எனக்கு எவரும் சொல்லவில்லை என்பது பொருள், தலைப்புக் கோப்பைத் தேட வேண்டும். பின்னது லிங்கரின் கூற்று: உண்டென்று சொன்னீர்கள், பொருளைக் காணோமே என்பது பொருள், நூலகத்தைத் தேட வேண்டும். இரண்டையும் 'எரர் வருகிறது' என்ற ஒரே தொடரால் குறித்துவிடும் மாணவன், தலைப்புக் கோப்பு இருக்கும்போதே அதனைத் தேடிக்கொண்டிருப்பான். எச்சரிக்கைக்கும் பிழைக்கும் வேறுபாடு காணாதவனும் அவ்வாறே. சொல்லைப் பிரித்துப் பொருளறியும் பயிற்சி தமிழ்த்துறையின் அன்றாடத் தொழில். அதனை இங்கே கொணர்ந்தால் போதும்.

ஆகவே நமது கோரிக்கை இது. இறுதியாண்டு மாணவர் மூவர் அல்லது நால்வர் கொண்ட குழுவுக்கு ஒரு கணிப்பொறி ஒதுக்குக. நான்கு உள்ளகங்கள் கொண்ட செயலியும் 8 ஜிபி நினைவகமும் நூல் பரிந்துரைப்பவை; வட்டில் 30 ஜிபி இடம் இருந்தால் தாராளம். மூலநிரற் பொதிகளை ஒருமுறை இறக்கி, நூலில் உள்ள சரிபார்ப்பு எண்களோடு ஒப்பிட்டு, எல்லாக் குழுவினர்க்கும் பகிர்ந்தளிக்கலாம். ஒவ்வொரு குழுவும் ஒரு குறிப்பேடு வைத்திருக்க வேண்டும். வேலை நின்ற ஒவ்வோரிடத்திலும், முதற்பிழையைப் பொறி சொன்ன வண்ணமே ஒரு பக்கத்தில் எழுதி, எதிர்ப்பக்கத்தில் அதன் பொருளையும், எங்கெங்கே தேடினோம் என்பதையும், காரணம் இதுவென எவ்வாறு துணிந்தோம் என்பதையும் நல்ல தமிழில் எழுத வேண்டும். கட்டி முடித்த அமைப்பு இயங்காமற் போயினும் குறிப்பேடு சரியாக இருந்தால் முழு மதிப்பெண் உண்டு. இயங்கியும் குறிப்பேடு வெறுமையாக இருந்தால் மதிப்பெண் இல்லை. குறிப்பேட்டைத் திருத்தும் இருவருள் ஒருவர் கணிப்பொறித் துறையினராகவும் மற்றவர் தமிழ்த்துறையினராகவும் இருத்தல் வேண்டும். கணிப்பொறி அறியாத அத்தமிழாசிரியர்க்கு ஒரு பக்கம் விளங்கவில்லையெனில், அப்பக்கத்தை மாணவன் திரும்ப எழுதட்டும்.

ஜிலிப்சியைக் கட்டி முடித்த நாளில் அம்மாணவர்க்குச் சிறு மகிழ்ச்சி ஒன்றையும் அளிக்கலாம். அந்நூலகத்தில் இந்தியத் தமிழுக்குரிய மொழிச்சூழல் விவரம் முன்னரே இடம்பெற்றுள்ளது. ஒரே கட்டளையால் அதனை உருவாக்கிக்கொண்டு நாளைக் கேட்டால், கிழமைப் பெயரும் மாதப் பெயரும் தமிழில் வரும். வெற்று எழுத்துத் திரையில் தமிழ் எழுத்துகள் தோன்றமாட்டா. அத்திரை ஒரு நேரத்தில் தாங்கும் எழுத்துருக்கள் 512 மட்டுமே, கொம்பும் காலும் சேர்த்துக் கோக்கவும் அதற்குத் தெரியாது. கட்டங்களாகவே தெரியும். ஏன் கட்டங்களாகத் தெரிகின்றன என்று எழுதுவதற்குக் குறிப்பேட்டில் இரண்டு பக்கங்களை விட்டு வைக்கச் சொல்லுங்கள்.